ட்யூப் ஆம்ப் பையஸ்: ஆளாளுக்கு கேட்டதுக்கு பதில்

வால்வ் ரேடியோ காலத்துலேர்ந்து சால்டரிங் அயர்னும் கையுமா கீறவன்றதால, வேலூர் பக்கம் கிட்டார் ஆம்ப் வெச்சிருக்குற பசங்க எல்லாம் என்கிட்டதான் வராங்க, சரி கேளுங்க. பையஸ் வெக்கறதுன்னா, வாசிக்காம சும்மா இருக்கும்போது பவர் ட்யூப்ல எத்தினி கரண்ட் ஓடணும்னு செட் பண்றது.

காட்பாடி தம்பி: அண்ணா, இஎல்34 பவர் ட்யூப் புதுசு போட்டேன். பையஸ் எத்தினி வெக்கணும்? ஃப்ரெண்டு 35 மில்லி ஆம்பியர்ன்றான்.

அது அவன் ஆம்புக்கு. உன் ட்யூபோட பிளேட் (எலக்ட்ரான் வந்து சேர்ற தகடு) வோல்டேஜ அளக்காம நம்பர் சொன்னா அது ஜோசியம். இஎல்34 பிளேட் 25 வாட்ஸ் தாங்கும், சும்மா இருக்கும்போது அதுல 70 பர்சென்ட், அதாவது 17.5 வாட்ஸுக்கு மேல போகாத. பிளேட்ல 450 வோல்ட் இருந்தா வகுத்துப் பாரு, 39 மில்லி ஆம்பியர் கிட்ட வரும், 380தான்னா 46. ஒவ்வொரு ட்யூப்லயும் கேத்தோடுக்கும் (எலக்ட்ரான் கெளம்புற முனை) கிரவுண்டுக்கும் நடுவுல 1 ஓம் ரெசிஸ்டர் போட்டுக்கோ, மீட்டர் காட்டுற மில்லி வோல்ட்டே மில்லி ஆம்பியர். அதுல ஸ்கிரீன் (ட்யூபுக்குள்ள இருக்குற கம்பி வலை) கரண்டும் சேந்து வரும், அதனால நிஜமான பிளேட் கரண்ட் கொஞ்சம் கம்மிதான், நல்லதுதான்.

சத்துவாச்சாரி: சாயங்காலம் 36 வெச்சேன், ராத்திரி 12 மணிக்கு பாத்தா 41! ட்யூப் போச்சா?

ட்யூப் நல்லாதான் கீது, கரண்டுதான் ஏறிடுச்சு. நம்ம ஊரு வெயிலுக்கு சாயங்காலம் எல்லா வீட்லயும் ஏசி ஓடும், லைன் வோல்டேஜ் எறங்கும், ராத்திரி எங்க வீட்டு மீட்டர்லயே 245 வோல்ட் பாத்திருக்கேன். லைன் ஏறினா பிளேட் வோல்டேஜும் ஏறும். கரண்ட அடக்கி வெக்கற நெகட்டிவ் பையஸ் வோல்டேஜும் கூடவே ஏறும்தான், ஆனா முழுசா சமாளிக்காது. அதனால எப்பவுமே லைன் அதிகமா இருக்குற நேரத்துல வை, இல்லன்னா 60 பர்சென்ட்லயே நிறுத்திக்கோ. ஆன் பண்ணி 15, 20 நிமிஷம் சூடானப்புறம் வை, சில்லுனு இருக்கும்போது வெச்சதெல்லாம் வீண்.

ஆரணி: நானே தொறந்து பண்லாமா அண்ணா? ஷாக் அடிக்குமா?

அடிக்கும்மா. ஆஃப் பண்ணி பிளக்க புடுங்கினாலும் ஃபில்டர் கெபாசிட்டர்ல 400 வோல்ட்டுக்கு மேல நிக்கும், எனக்கு ஒருவாட்டி அடிச்சி முழங்கை வரைக்கும் ஒரு நாள் பூரா மரத்துப்போச்சு. அந்த 1 ஓம் ரெசிஸ்டர் போட உள்ள கை வெக்கறதுக்கு முன்னாடி மீட்டர வெச்சிப் பாத்து, 10 கிலோ ஓம் 5 வாட்ஸ் ரெசிஸ்டர்ல வடிய விடு, ஸ்க்ரூ டிரைவர்ல ஷார்ட் பண்ற வீரத்தனம் வேணாம். ஆனா ட்ரிம்பாட் (பையஸ ஏத்தி எறக்குற சின்ன திருகு) திருப்புறது ஆன்லதான், அதனால மீட்டரோட கறுப்பு கிளிப்ப சேசிஸ்ல மாட்டிட்டு ஒரு கைய பாக்கெட்ல போட்டுக்கோ. ஸ்பீக்கர் இல்லாம ஆன் பண்ணாத, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்டும். பழக்கம் இல்லன்னா எட்த்துகினு வா, இங்கயே பாக்கலாம்.

குடியாத்தம்: கம்மியா வெச்சா ட்யூப் ரொம்ப நாள் வருமே?

வரும், சவுண்டுதான் வராது. மெதுவா வாசிக்கும்போது நோட்டு ஓரத்துல ஒரு கரகரப்பு வரும், அது கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன். அதிகமா வெச்சா லைட்ட அணைச்சிட்டுப் பாரு, பிளேட் செவசெவன்னு எரியும், பாத்த உடனே ஆஃப் பண்ணு.

ராணிப்பேட்டை: என் வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ல ட்ரிம்பாட்டே காணோமே?

இருக்காது, அது கேத்தோடு பையஸ், தானே சரி பண்ணிக்கும். ஒரே அளவு கரண்ட் இழுக்குற மாதிரி மேட்ச் ஆன இஎல்84 ட்யூப் நாலு வாங்கிப் போடு, போதும்.

வாலாஜா: 12ஏஎக்ஸ்7 (சின்ன ப்ரீஆம்ப் ட்யூப்) மாத்தினா பையஸ் வெக்கணுமா?

வேணாம்பா, சொருகிட்டு வாசி.