தண்டு மிதக்கக் கூடாது

கேள்வி: என்னிடம் மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 மெட்டல் டிடெக்டர் (உலோகம் தேடும் கருவி) இருக்கிறது. கூஜி கடற்கரையில் மார்பளவு தண்ணீரில் நின்று தேடுவேன். போன மாதம் பாறை இடுக்கில் சிக்கி டிடெக்டரின் தண்டு உடைந்துவிட்டது. கார்பன் ஃபைபர் வாங்கலாமா, அலுமினியமா? எடை குறைந்ததாகப் பார்த்து வாங்கினால் போதுமா?
- வாசகர், சிட்னி

பதில்: எடையை விடுங்கள். கரையில் நாள் முழுக்க டிடெக்டரை இடமும் வலமுமாக வீசுகிறவருக்குத்தான் அது கவலை. கடலுக்குள் தண்டு வளையக் கூடாது, மிதக்கவும் கூடாது.

நான் வாங்கிய முதல் கார்பன் தண்டு இரண்டு முனையும் அடைத்தபடி வந்தது. கையில் எடுத்தால் பூ மாதிரி இருந்தது. இங்கே பெர்த்தில், காட்டெஸ்லோ கடலில் இடுப்பளவுக்கு இறங்கியதும் குழாய்க்குள் இருந்த காற்று, தண்டின் அடியில் உலோகத்தை உணரும் வட்டான காயிலைத் தூக்க ஆரம்பித்தது. அழுத்தி அழுத்தி வீசியதில் ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. காயில் மணலை விட்டு 5 சென்டிமீட்டர் எழும்பினால், மணலுக்குள் எட்டுகிற ஆழத்தில் அந்த 5 சென்டிமீட்டர் போச்சு. மெல்லிய மோதிரத்துக்கு மெஷின் எழுப்பும் சத்தமெல்லாம் காதில் விழவே விழாது.

வீட்டுக்கு வந்து மேல்முனையில் ஒன்று, கீழ்முனையில் ஒன்று என 6 மில்லிமீட்டர் துளை போட்டேன். (கார்பன் தூள் மூச்சுக்குள் போகக் கூடாது. முகமூடி கட்டி, நனைத்துக்கொண்டே துளையிடுங்கள்.) ஓரங்களில் எபாக்சி பசை தடவினேன். அதற்கப்புறம் தண்ணீர் உள்ளே புகுந்து தண்டு அடங்கிவிட்டது. கரையேறினால் தானாக வடிந்துவிடும்.

அதனால் உங்களுக்கு, சுவர் தடித்த கார்பன் குழாய், வடிதுளையோடு. மேல்பகுதி அலுமினியமாக இருந்தால் பரவாயில்லை, ஆனால் காயிலை ஒட்டிய துண்டு உலோகமாக இருக்கவே கூடாது, மெஷின் அதையே கேட்டுக்கொண்டிருக்கும். காயில் போல்ட்டும் பிளாஸ்டிக்தான். கார்பனும் அலுமினியமும் உப்புத்தண்ணீரில் நேருக்கு நேர் உரசினால் அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் பிளாஸ்டிக் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். திருகிப் பூட்டும் மூட்டில் மணல் புகுந்து இறுகிவிடும் என்பதால் எனக்குப் பொத்தான் பூட்டுதான் பிடிக்கும். எதுவானாலும் வந்ததும் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

காயில் கேபிளைத் தண்டோடு ஒட்டிச் சுற்றுங்கள், ஆடினால் பொய்ச் சத்தம் வரும்.

முக்குளித்துத் தேடும் ஆசை இருந்தால் அதற்குக் குட்டைத் தண்டு தனியாக வேண்டும். அப்போதும் 3 மீட்டருக்குக் கீழே போகாதீர்கள், உங்கள் மெஷின் அதுவரைதான் தாங்கும்.