வைகாசி வந்தால் திரும்பும் குடி

அன்பான அக்காவுக்கு,

நாங்கள் பருத்தித்துறைப் பக்கம். என் கணவர் கடற்தொழில். 2009 வைகாசியில் முள்ளிவாய்க்காலில் செல்லடியில் செத்த தம்பியை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தவர். உடல் இல்லை, அந்தியேட்டிச் சடங்கும் செய்யவில்லை. முன்பு எப்போதாவது கள்ளு குடிப்பார். பிறகு தினமும் சாராயம். போன வருடம் வைத்தியசாலையில் வைத்து நிறுத்தினார்கள். எட்டு மாதம் தொடவில்லை. இந்த வைகாசியில் மறுபடி தொடங்கிவிட்டார். இப்போதும் நிற்கவில்லை. தம்பியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டார். கொழும்பு மச்சாள், "மருந்தெல்லாம் வீண், உளப்பகுப்பாய்வுதான் வேரைப் பிடுங்கும்" என்கிறா. உண்மையா? நான்தான் ஏதும் பிழை விடுகிறேனோ?

- வடமராட்சி வாசகி

அன்பான தங்கச்சி,

பிழை உங்களுடையது இல்லை. மச்சாள் சொன்னதில் ஒரு பாதி சரி, மறுபாதி ஆபத்து.

ஆபத்தை முதலில் சொல்கிறேன். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் சில நாட்களில் வலிப்பு வரலாம், நடுக்கத்தோடு பிதற்றலும் வரலாம். உயிரே போகலாம். அதனால் வீட்டில் வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். மறுபடியும் வைத்தியசாலைதான், மருந்துதான்.

சரியான பாதிக்கு வருவோம். உளப்பகுப்பாய்வில், அதாவது மனதின் ஆழத்தில் கிடப்பதைப் பேசிப் பேசி வெளிக்கொண்டு வரும் சிகிச்சையில், முன்பு குடியை இன்ப நாட்டமாகவோ தன்னை அழிக்கும் உந்துதலாகவோ பார்ப்பது வழக்கம். அமெரிக்க மனநல மருத்துவர் எட்வர்ட் கான்சியன் 1985இல் எழுதிய கட்டுரை வேறு கேள்வி கேட்டது: இந்த மனிதர் எந்த வேதனைக்கு இதை மருந்தாக எடுக்கிறார்? தாங்கவும் முடியாமல், சொல்லவும் வார்த்தை இல்லாமல் இருக்கிற உணர்வைத்தான் போதை அமுக்குகிறது என்றார். எல்லாக் குடிக்கும் இது பொருந்தாது. ஆனால் எட்டு மாதம் நின்ற குடி வைகாசியில் திரும்புகிறதென்றால், உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிறது என்றே நினைக்கிறேன். தம்பியை விட்டு வந்த குற்ற உணர்வை அவர் சாராயத்தால் மூடி வைத்திருக்கிறார்.

அதற்காக இப்போதே அதைக் கிண்டக் கூடாது. குடி நிற்காத நேரத்தில் காயத்தைத் திறந்தால் இன்னும் குடிக்கக்கூடும். முதலில் உடம்பு தெளியட்டும். அப்புறம் நம்பிக்கையான ஒரு ஆலோசகரிடம் மெல்ல மெல்லப் பேசட்டும். கிளினிக்கில் டொக்டரிடம் தம்பியின் கதையையும் வைகாசிக் கணக்கையும் நீங்களே சொல்லுங்கள், பலர் இதைச் சொல்வதில்லை. அடுத்த சித்திரையிலேயே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள், வைகாசி வரும்வரை பார்த்திருக்காதீர்கள். இடையில் தாங்க முடியாவிட்டால் 1926க்கு அழையுங்கள், அரசாங்க மனநல உதவி எண்.

கீரிமலையில் அந்தியேட்டியை நீங்களாக ஏற்பாடு செய்ய வேண்டாம். அவர் தெளிந்திருக்கும் ஒரு நாள், "தம்பிக்குக் கீரிமலைக்குப் போவோமா?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கேட்டது அவருக்குள் இருக்கும்.