74 வயதில் பாராகிளைடிங்: அப்பாவை அனுப்பலாமா?

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அப்பாவுக்கு 74 வயது. விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டராக இருந்து, கடைசியாக சூலூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 'எத்தனையோ விமானத்தை மேலே அனுப்பிவெச்சேன், ஒரு நாளாவது முகத்துல காத்தடிக்கப் பறக்கணும்' என்பார். இப்போது இமாச்சலில் பீர் பில்லிங் போய்ப் பாராகிளைடிங் செய்ய வேண்டுமாம். பி.பி., சர்க்கரை இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். எங்கள் ஹட்டியே, அதாவது ஊரே சிரிக்கிறது. எனக்கு அந்த உயரத்தில் நெஞ்சு தாங்குமா என்று பயம்."

சிரிப்பவர்களிடம் எட் ட்வைட்டைப் பற்றிச் சொல்லுங்கள். அமெரிக்க விமானப்படை விமானி. 1960களின் தொடக்கத்தில் விண்வெளிப் பயிற்சிக்குப் போயும் நாசா அவரை எடுக்கவில்லை. 2024 மே மாதம் ப்ளூ ஆரிஜின் என்ற தனியார் நிறுவனத்தின் கலத்தில் அவர் விண்வெளிக்குப் போய்வந்தபோது வயது 90. ஆகவே வயதை மட்டும் பார்த்து நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

உயரத்தைப் பற்றிய உங்கள் பயம் பாதிக்கு மேல் தேவையற்றது. கோத்தகிரியே கிட்டத்தட்ட 6,000 அடி. பறக்கக் கிளம்பும் இடமான பில்லிங் சுமார் 8,000 அடி, தொட்டபெட்டா உச்சியைவிடக் கொஞ்சம் தாழ்வு. பயணிகள் விமானத்துக்குள் காற்றழுத்தமும் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குத்தான் வைக்கப்படுகிறது. சென்னைக்காரருக்கு மூச்சு வாங்கலாம். உங்கள் அப்பாவுக்கு அது பழகிய காற்று. தொட்டபெட்டாவில் நடக்கும்போது நெஞ்சை அடைக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். அடைத்தால் முதலில் இதய மருத்துவர், பயணமெல்லாம் அப்புறம்.

எனக்குக் கவலை அவர் காலும் காதும்தான்.

பாராகிளைடரில் கிளம்பும்போது சரிவில் பத்துப் பதினைந்து தப்படி நிற்காமல் ஓட வேண்டும். வயதானவர்கள் பாதியில் பயந்து உட்கார்ந்துவிடுவார்கள். இறங்கும்போதும் கால் ஊன்றாமல் பின்புறமாகத் தொப்பென்று விழுந்தால் முதுகெலும்புக் கண்டம் நசுங்கும். கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் தொடையில் வலு போதாது. ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்க வேண்டும். எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன் கோவையில் எடுத்துவிடலாம். எலும்பு மிகவும் தேய்ந்திருந்தால் என் பதில் 'வேண்டாம்'தான். ஆஸ்துமா இளைப்புக்காக ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் சாப்பிட்டவர் என்றால் ஸ்கேன் கட்டாயம்.

அடுத்து காது. ஜெட் இன்ஜின் பக்கத்தில் வருஷக்கணக்கில் நின்றவர்களுக்குக் கீச்சுச் சத்தங்கள் முதலில் மங்கும். பேச்சில் 'ச', 'த' குழம்பும். பைலட் உட்காருவதோ பயணிக்குப் பின்னால். காற்றின் இரைச்சலில் அவர் "ஓடுங்க" என்று கத்துவது அப்பாவுக்குக் கேட்காது. அதிலும் அந்தக் குரல் இந்தியில் வரும். நல்லவேளை, விமானப்படைக்காரர்களுக்கு இந்தி தெரியும். வலது தோளில் தட்டினால் ஓடு, இரண்டு தோளிலும் தட்டினால் காலை நீட்டு என்று தரையிலேயே பேசிவைத்துக்கொள்ளட்டும். காது மிஷின் போடுபவர் என்றால் அதைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் அதை மலையிலேயே தொலைத்துவிட்டு வந்தார்.

மாத்திரைப் பட்டியலில் புராஸ்டேட் மாத்திரையை நீங்கள் எழுதவில்லை. பல அப்பாக்கள் மகளிடம் அதைச் சொல்வதில்லை, கேட்டுப் பாருங்கள். பி.பி. மாத்திரையோடு சேரும்போது எழுந்ததும் தலைசுற்ற வைக்கும். வாந்திக்குப் பயந்து வெறும் வயிற்றில் போகக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

மழைக்காலத்தில், ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை, இமாச்சலில் பாராகிளைடிங்குக்குத் தடை. அக்டோபருக்குத் திட்டமிடுங்கள். அதுவரை தினமும் தேயிலைத் தோட்டச் சரிவில் வேகமாக இறங்கிப் பழகட்டும், பறக்கும் அன்று போடப்போகும் அதே ஷூவைப் போட்டுக்கொண்டு. இறங்கும் ஊரான பீரில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்க அறை எடுங்கள். காற்று சரியில்லாவிட்டால் பறக்க விட மாட்டார்கள். அதற்கு அப்பா கோபப்பட மாட்டார். சரியில்லாத இன்ஜினுக்குக் கையெழுத்துப் போட மறுத்தவர்தானே அவரும்.