எக்டர் லாவோ: படமும் பாட்டும்

வணக்கம் சார்,

லத்தீன் அமெரிக்க ஆட்ட இசையான சல்சாவின் பாடகர் எக்டர் லாவோவை நீங்கள் உயர்த்தி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, மார்க் அந்தோணி நடித்த 'எல் கான்டான்டே' படத்தைப் பார்த்தேன். ஊசி, சண்டை, மறுபடி ஊசி. கச்சேரிக்கு நேரத்துக்கு வராத, போதையில் கெட்டுப்போன ஒருவரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? சோகக்கதைக்காகத்தானா? ஸ்பானிஷ் தெரியாத எனக்கு அவர் பாட்டில் ஏதாவது பிடிபடுமா?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

அந்தப் படத்தைப் பார்த்த யாருக்கும் இந்தச் சந்தேகம் வரும். வாழ்க்கையை எடுத்துக்கொண்டு பாட்டைக் கோட்டை விட்டார்கள்.

சோகத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். 1946இல் கரீபியன் தீவான புவெர்ட்டோ ரிக்கோவின் போன்செ நகரில் பிறந்தார். சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டார். 16 வயதில், 1963இல், அப்பா தலைப்பாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல் நியூயார்க்குக்குக் கிளம்பினார்; மூத்த மகனை அந்த ஊரில் போதைக்குப் பறிகொடுத்த மனிதர் அவர், பயந்தது வீண்போகவில்லை. 1987இல் வீடு எரிந்தது, அதே ஆண்டில் 17 வயது மகன் தவறுதலாக வெடித்த துப்பாக்கிக்குப் பலியானான். அடுத்த ஆண்டு சான் ஹுவானில் ஒரு ஹோட்டலின் ஒன்பதாவது மாடியிலிருந்து விழுந்தும் பிழைத்தார். 1993இல் எய்ட்ஸ் கொண்டுபோனது. கேட்கிற யாருக்கும் மனசு கனக்கும், சரி. ஆனால் பரிதாபத்துக்காக ஒருவரின் பாட்டைத் தலைமுறை தாண்டியும் யாரும் போட்டு ஆட மாட்டார்கள்.

சல்சா பாட்டின் முன்பாதி எழுதி வைத்தது. பின்பாதிக்கு மொன்டூனோ என்று பெயர். அதில் கோரஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும், நடுவில் கிடைக்கிற இடத்தில் பாடகர் அங்கேயே வரி கட்டிப் பாட வேண்டும். எசப்பாட்டு மாதிரிதான், ஆனால் மடக்க வேண்டிய எதிராளி இங்கே கிடையாது, இருப்பது க்ளாவே என்கிற ஐந்து தட்டுக் கணக்கு மட்டும். வரி அந்தக் கணக்கில் உட்கார வேண்டும், இயைபும் அமைய வேண்டும், கோரஸ் திரும்புவதற்குள் முடிந்தும் ஆக வேண்டும். லாவோ வேண்டுமென்றே பிந்தி ஆரம்பிப்பார். இனி நேரமில்லை, தொலைந்தார் என்று நாம் நினைக்கிற இடத்தில் சொற்களை நெருக்கிப் போட்டுக் கச்சிதமாக இறங்கிவிடுவார். மேடைக்கு மணிக்கணக்கில் தாமதமாக வந்து, நீங்கள்தான் சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று கூட்டத்தைச் சிரிக்க வைத்த அதே ஆள்தான்! (உடன் வாசித்தவர்களுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது. 1967இலிருந்து ஜோடியாக இருந்த ட்ராம்போன் என்ற பித்தளை ஊதுகருவிக் கலைஞர் வில்லி கொலோன் எழுபதுகளின் நடுவில் இசைக்குழுவை விட்டு விலகியதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். ஆனாலும் லாவோவின் தனி ஆல்பங்களைத் தயாரித்ததும் அதே கொலோன்தான்.)

படத்துக்குப் பெயர் கொடுத்த 'எல் கான்டான்டே' (பாடகன்) பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சல்சா பாடகரான ரூபன் பிளேட்ஸ் தனக்கென்று எழுதி வைத்திருந்ததை கொலோன் பேசி வாங்கி லாவோவுக்குக் கொடுத்தார், 1978இல் 'கொமெடியா' ஆல்பத்தில் வந்தது. 10 நிமிடத்துக்கு மேல் ஓடும். காசு கொடுத்து வருகிற கூட்டம் பாடகனின் துக்கத்தை விசாரிப்பதில்லை என்பது முன்பாதி. மொன்டூனோ வந்ததும் மனிதர் வேறு ஆளாகிவிடுகிறார்: செலியா, ரிவேரா, ஃபெலிசியானோ என்று சக பாடகர்களுக்குப் பெயர் சொல்லி வணக்கம் வைத்து, இவர்களைக் கேளுங்கள், கற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். புலம்பல் போய்க் கொண்டாட்டம் வந்துவிடுகிறது. படம் முன்பாதியை மட்டும் நம்பிவிட்டது.

ஸ்பானிஷ் தெரியாதது பெரிய தடையில்லை. அந்தக் குரலில் கொஞ்சம் மூக்கு கலந்திருக்கும், உச்சத்தில் கூர்மையாக இருக்கும், புவெர்ட்டோ ரிக்கோ மலைக்கிராமத்துப் பாடகர்களின் வழி அது. 1970இல் கொலோனோடு செய்த கிறிஸ்துமஸ் ஆல்பம் 'அசால்தோ நாவிதென்யோ'விலிருந்து தொடங்குங்கள், யோமோ தோரோ வாசிக்கும் பத்துத் தந்தி குவாத்ரோ அந்தக் கிராமத்தை நியூயார்க் ட்ராம்போன்களுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தும். அப்புறம் 1976இல் வந்த, தீதே குரேத் அலோன்சோ எழுதிய 'பெரியோதிகோ தெ அயேர்'. பழைய காதலியை நேற்றைய செய்தித்தாள் என்று ஒதுக்குகிற பாட்டு, காலையில் பரபரப்பாக வந்த சேதி சாயங்காலம் மறந்துபோகிறது. இதற்கு மட்டும் மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்துவிடுங்கள், அந்தக் குத்தல் தெரியாமல் கேட்டால் ஏதோ சந்தோஷப் பாட்டு என்று ஆடிக்கொண்டிருப்பீர்கள்.