பீபெர்ரி வாங்கியும் அப்பத்தா காபி வரவில்லையா?

கேள்வி: அப்பத்தா பித்தளை பில்டரில் போட்டுத் தரும் காபி நல்ல திக்காக இருக்கும், குடித்து வெகு நேரம் நாக்கிலேயே நிற்கும். அந்த ருசிக்காகப் பீபெர்ரி கொட்டையாகப் பார்த்து வாங்கி வீட்டு மிக்ஸியில் அரைத்துப் போடுகிறேன். ஒரு நாள் தண்ணியாக இருக்கிறது, ஒரு நாள் ஒரே கசப்பு. எந்தக் கொட்டை வாங்கினால் சரியாக வரும்? (தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி)

உங்கள் கொட்டையில் குறை இல்லைங்க. நீங்கள் தேடுவது ஒன்று, வாங்கியிருப்பது வேறொன்று. பீபெர்ரி என்றால் ஏதோ தனி ஜாதி என்று நினைத்துக் கேட்பவர்கள் நிறைய. காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு பருப்பு ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் தட்டையாக வளரும்; சில பழத்தில் ஒன்றே ஒன்று உருண்டையாக வளரும், அதுதான் பீபெர்ரி. காபியில் முக்கியமான இரண்டு ஜாதியான அரபிக்காவிலும் உண்டு, ரோபஸ்டாவிலும் உண்டு. கடையில் வெறுமனே பீபெர்ரி என்று கேட்டால் பெரும்பாலும் அரபிக்காதான் கொடுப்பார்கள். அதன் பலம் மணமும் லேசான புளிப்பும். திக்கு அதனிடம் கம்மி. அப்பத்தா வாங்கிய பொடியில் ரோபஸ்டாவோ சிக்கரியோ, இரண்டுமோ கலந்திருக்கும் என்று அடித்துச் சொல்வேன்.

அதனால் அரபிக்கா 70 பங்கு, ரோபஸ்டா 30 பங்கு என்று கேட்டு வாங்குங்கள். அரபிக்காவுக்குப் பீபெர்ரியே வேண்டும் என்றில்லை, பிளான்டேஷன் ஏ (கழுவிப் பதப்படுத்திய அரபிக்காவில் பெரிய கொட்டை ரகம்) போதும். பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் விளைந்து பட்டிவீரன்பட்டியில் பதமாகி வரும் கொட்டை கிடைத்தால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், நமக்குப் பக்கத்து மலைதானே. ரோபஸ்டாவில் காபின் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும், இரவில் தூக்கம் வராதவர்கள் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். வறுவல் புளியங்கொட்டை நிறத்தில் இருக்கட்டும். கருத்து எண்ணெய் மினுங்குகிற கொட்டையில் மலையின் ருசி போய்விடும், கரிந்த கசப்புதான் மிஞ்சும். அன்றைக்கே வறுத்த கொட்டையை அன்றைக்கே அரைக்கவும் வேண்டாம். உள்ளே இருக்கும் வாயு வெளியேற மூன்று நான்கு நாள் ஆகும். அதுவரை பில்டரில் பொடி பொங்கிக்கொண்டு தண்ணீரைச் சரியாக உள்ளே விடாது. கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள், நம் ஊர் வெயிலுக்கு அடுப்பு மேடையில் வைத்த டப்பா பத்தே நாளில் மணத்தை விட்டுவிடும். ஃப்ரிட்ஜும் வேண்டாம், எடுத்து எடுத்து வைப்பதில் ஈரம் கோக்கும்.

இனி அரைப்பது. ஒரு நாள் தண்ணி, ஒரு நாள் கசப்பு என்கிறீர்களே, அது முழுக்க மிக்ஸி செய்யும் வேலை. மிக்ஸி பிளேடு கொட்டையை அரைப்பதில்லை, கண்டபடி வெட்டுகிறது. பாதி மாவாகிறது, பாதி குருணையாகவே நிற்கிறது. மாவிலிருந்து கசப்பு வரை எல்லாம் இறங்கிவிடும், அதோடு பில்டர் ஓட்டையையும் அடைக்கும். குருணையில் சாரம் உள்ளேயே தங்கிவிடும். எது அதிகமோ அன்றைய காபி அப்படி. முடிந்தால் கையால் சுற்றும் காபி அரைவை மிஷின் ஒன்று வாங்குங்கள், விலையான கொட்டையை விட அதற்குச் செலவழிப்பதுதான் பிரயோசனம். இல்லையென்றால் சின்ன ஜாரில் ஒரு கைப்பிடி மட்டும் போட்டு, மூன்று விநாடி ஓட்டி நிறுத்தி, குலுக்கி மறுபடி ஓட்டி, சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை மட்டும் திரும்ப அரையுங்கள். விரலில் தேய்த்தால் நைஸ் ரவையை விடச் சன்னமாக, ஆனால் மாவாக ஒட்டாமல் இருக்க வேண்டும். அந்த ஜாரைக் காபிக்கென்றே வையுங்கள். கல்பாசியும் மிளகும் அரைத்த ஜாரை எத்தனை தடவை கழுவினாலும் அந்த வாசம் காபியில் ஏறிவிடும், செட்டிநாட்டு அடுப்படியில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

சிக்கரியைத் தனியாக வாங்கி, 85 கிராம் பொடிக்கு 15 கிராம் கலந்துகொள்ளுங்கள். அது ஒரு செடியின் வேர், வறுத்துப் பொடித்தது, காபின் கிடையாது. தண்ணீரைப் பிடித்து நிறுத்தி டிகாஷனை மெதுவாக இறக்கும், நீங்கள் கேட்கும் திக்கையும் நிறத்தையும் தரும். கலந்தே விற்கும் பாக்கெட்டில் சட்டப்படி 49 சதம் வரை சிக்கரி இருக்கலாம், எவ்வளவு என்று அட்டையில் போட்டிருக்கும், படித்துப் பாருங்கள்.

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீரில் போட்ட காபிக்கும் உப்புப் போர் தண்ணீரில் போட்ட காபிக்கும் எவ்வளவு தூரம் என்று குடித்தவர்களுக்குத் தெரியும். உப்புத் தண்ணீர் அரபிக்காவின் புளிப்பையும் மணத்தையும் அமுக்கிவிடும், பில்டர் ஓட்டையில் வெள்ளையாகப் படியும். அந்தக் காலத்தில் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) மழைத்தண்ணீர் பிடித்து வைத்தார்களே, உங்கள் அப்பத்தாவின் காபியில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம். ஒரே பொடியை ஒரே நாளில் போர் தண்ணீரிலும் கேன் தண்ணீரிலும் போட்டுக் குடித்துப் பாருங்கள்.

போடும் விதம் சுலபம்தான். இரண்டு பேருக்குக் கலந்த பொடி 25 கிராம், தண்ணீர் 150 மில்லி. பொடியே 50 மில்லியைக் குடித்துக்கொள்ளும், டிகாஷன் 100 மில்லி இறங்கும், ஆளுக்குப் பாதி. பொடியைச் சமமாகத் தட்டிவிட்டு, குடையை (பில்டரோடு வரும் காம்பு வைத்த ஓட்டைத் தட்டு) அழுத்தாமல் சும்மா மேலே வையுங்கள். கொதித்த தண்ணீரை இறக்கி அரை நிமிடம் விட்டு, முதலில் பொடி நனையும் அளவு ஊற்றி, அரை நிமிடம் கழித்து மீதி. பத்திலிருந்து பதினைந்து நிமிடத்தில் இறங்கினால் அரைவை சரி. மூன்று நிமிடத்தில் ஓடிவிட்டால் இன்னும் நைசாக அரையுங்கள், அரை மணி ஆகியும் நின்றால் கொஞ்சம் கொரகொரப்பாக. இறங்கிய டிகாஷனை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள், வெந்நீருக்குள் பாத்திரத்தோடு வைத்தால் போதும். பால் ஆளுக்கு நூறு மில்லி, ஒரே கொதியில் இறக்கியது. அப்பத்தாவின் பித்தளை பில்டர் இருந்தால் உள்ளே வெள்ளீயப் பூச்சு போயிருக்கிறதா என்று பார்த்து, போயிருந்தால் பூசிக்கொண்டு எடுங்கள்.

ஒரு வாரம் அளவை மாற்றாமல் போடுங்கள். அப்புறமும் கசந்தால் ரோபஸ்டாவை 20 ஆக்குங்கள், சிக்கரியைத் தொடாதீர்கள்.