எடுத்தது எது?

அன்புள்ள சயாமா அக்காவுக்கு,

நான் பர்மாவில், பகோவில் இருக்கிறேன். வயது 44. கோயில் வகுப்பில் கற்ற தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷமாக மாதவிலக்கு வந்தால் எட்டு, ஒன்பது நாள் ஆனாலும் நிற்பதில்லை. கட்டி கட்டியாகப் போகிறது. ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி இருக்கிறதாம், பையை எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். எனக்குப் பயம். என் அம்மாவுக்கு 38 வயதில் கர்ப்பப்பை எடுத்தார்கள். உடம்பு எரிகிறது என்று நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். இப்போது 70 வயது, கூன் விழுந்துவிட்டது. போன வருஷம் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எனக்கும் அதே கதிதானா? மாதாமாதம் போக வேண்டிய அழுக்கு ரத்தம், பை இல்லாவிட்டால் எங்கே போகும்? உள்ளேயே தங்கி விஷமாகிவிடும் என்கிறார் மாமியார். இன்னொன்று, கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அதற்குப் பிறகு கணவன் மனைவியாக இருக்க முடியுமா? தயவு செய்து பெயர் போட வேண்டாம்.

*

அன்புத் தங்கைக்கு,

பெயர் போடவில்லை. நீங்கள் கேட்டிருக்கும் மூன்றையும் எத்தனையோ பெண்கள் என்னிடம் காதோடு காதாகக் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் பதிலை இங்கே, எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வந்தது உங்களுக்கும் வரும் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். அம்மாவின் வயிற்றிலிருந்து எதை எடுத்தார்கள் என்பதே உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ‘கர்ப்பப்பை எடுத்தார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல் போதும் என்று நினைத்து நானே ஒரு பெரிய தவறு செய்திருக்கிறேன்.

இருபத்தைந்து வருஷம் இருக்கும். இரங்கூனில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். அந்த வார்டில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தன்லினிலிருந்து ஒரு பெண் வந்தார். தோசை சுட்டு விற்பவர், நாற்பது கூட ஆகவில்லை. பர்மியப் பேச்சு அவருக்குக் கடைத்தெருவுக்குப் போதுமான அளவு வரும், டாக்டர் பேசுவது பிடிபடாது. டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: தா எயினை, அதாவது கர்ப்பப்பையை எடுக்க வேண்டும், இரண்டு தா உ எயினையும், அதாவது முட்டை உண்டாகும் சினைப்பைகளையும் சேர்த்து எடுக்க வேண்டும். நான் அந்த அம்மாவிடம் திரும்பி, “கர்ப்பப்பையை எடுக்கணுமாம்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கைநாட்டு வைத்தார். தா உ எயினுக்குத் தமிழ்ச் சொல் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. எல்லாம் கர்ப்பப்பையைச் சேர்ந்ததுதானே என்று விட்டுவிட்டேன்.

ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். ராத்திரியில் நெருப்புப் பட்டது போல உடம்பு காய்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது, தூக்கம் இல்லை, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன் என்று அழுதார். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று வீட்டில் தாயத்து கட்டியிருந்தார்கள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஐம்பது வயதில் மாதவிடாய் நிற்கும்போது மெல்ல மெல்ல வர வேண்டிய மாற்றத்தை ஒரே நாளில் அவர் உடம்பில் கொண்டுவந்து இறக்கியிருந்தோம். இப்படியெல்லாம் வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவள் நான். அந்த முகத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை.

பர்மிய மொழியில் எயின் என்றால் வீடு, உ என்றால் முட்டை. உங்களுக்குத் தெரியாததில்லை. தா எயின் பிள்ளை இருக்கும் வீடு. தா உ எயின் பிள்ளையாகப் போகிற முட்டை இருக்கும் வீடு. இரண்டு வீட்டுக்கும் இரண்டு பெயர். தமிழிலும் பெயருக்குப் பஞ்சமில்லை. கருப்பை, சினைப்பை என்று எழுதுகிறார்கள். சினைப்பையை அண்டகம் என்று தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்திலும், சூலகம் என்று இலங்கைப் புத்தகத்திலும் பார்க்கலாம். ஆனால் நம் வீடுகளில் இதில் ஒன்றுகூட நுழையவில்லை. தொப்புளுக்குக் கீழே இருப்பதெல்லாம் கர்ப்பப்பைதான்.

கர்ப்பப்பை தலைகீழாகக் கவிழ்த்த பேரிக்காய் போல இருக்கும். ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம். முன்னால் மூத்திரப்பை, பின்னால் மலக்குடல், நடுவில் இது. சுவர் முழுக்கக் கனமான தசை. உங்கள் ஃபைப்ராய்டு அந்தத் தசையில் வளர்ந்த கட்டி. புற்றுநோயாக இருப்பது மிக மிக அபூர்வம்.

பையின் மேல் மூலைகளிலிருந்து இரண்டு பக்கமும் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்குக் குழாய் போகிறது. ஃபெலோப்பியன் குழாய் என்பது அதுதான். 1561இல் இதைப் பற்றி எழுதிய ஃபெலோப்பியோ என்ற இத்தாலியரின் பெயர். குழாயின் முனை சேலை முந்தானைக் குஞ்சம் போலப் பிரிந்து தொங்கும். அதற்குப் பக்கத்தில்தான் சினைப்பை, ஓடு நீக்காத பாதாம் அளவில். நான் படித்த காலத்தில் என்னை மிகவும் ஆச்சரியப்படுத்தியது இந்த இடம்தான். குழாய் சினைப்பையோடு ஒட்டிக்கொண்டில்லை. முட்டை வெளியே வரும்போது அந்தக் குஞ்சம் அசைந்து வந்து அதை உள்ளே வாங்கிக்கொள்கிறது.

சினைப்பைக்கு இரண்டு வேலை. முட்டையை முதிரவைத்து அனுப்புவது ஒன்று. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்களைச் சுரப்பது மற்றொன்று. எலும்பு கரையாமல் காப்பதில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பெரிய பங்கு உண்டு. மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன்னால் இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டால் உடம்பு கொதிப்பதும் தூக்கம் போவதும் சில நாளிலேயே தொடங்கிவிடும். எலும்பு தேய்வது சத்தமில்லாமல் நடக்கும், வருஷங்கள் கழித்துத்தான் தெரியும். உங்கள் அம்மாவின் கதையைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றிய சந்தேகம் இதுதான்.

கர்ப்பப்பையை மட்டும் எடுத்துச் சினைப்பைகளை விட்டுவைத்தால் அவை தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். சிலருக்கு அந்த மாற்றம் கொஞ்சம் முன்கூட்டியே வரலாம், அவ்வளவுதான். சினைப்பையை எடுப்பது எப்போதுமே தவறு என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தில் சினைப்பைப் புற்றுநோய் இருந்தால் எடுப்பதற்கு நியாயம் உண்டு. அந்தப் புற்றுநோயில் பெரும்பகுதி குழாயின் முனையில்தான் ஆரம்பிக்கிறது என்று இப்போது தெரிந்திருப்பதால், குழாய்களை எடுத்துவிட்டுச் சினைப்பைகளை விட்டுவைப்பதும் உண்டு. எதுவானாலும் உங்களிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

சரி, மாமியார் சொன்ன அழுக்கு ரத்தம். மாதாமாதம் சினைப்பை அனுப்பும் ஹார்மோன்களைக் கேட்டுக் கர்ப்பப்பையின் உட்தோல் தடித்து, மெத்தை போலத் தயாராகிறது. கரு வந்து தங்கவில்லை என்றால் புரோஜெஸ்டிரோன் இறங்குகிறது. அந்தத் தோலுக்குப் போகும் சுருள் சுருளான சின்ன ரத்தக் குழாய்கள் இறுகிக்கொள்கின்றன. மேல்தட்டு உரிந்து வருகிறது, அடித்தட்டு அடுத்த மாதத்துக்காக அப்படியே இருக்கிறது. வெளியே வருவது உங்கள் கையில் ஓடும் அதே ரத்தம், உரிந்த தோல், கொஞ்சம் சளி. ஒரு மாதவிலக்கில் போகும் ரத்தம் சாதாரணமாக 30, 40 மில்லிதான். 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம். உடம்பின் கழிவை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் உரியது, கர்ப்பப்பைக்கு அதில் பங்கே கிடையாது. பையை எடுத்தபின் உரிவதற்குத் தோலே இல்லை. தேங்குவதற்கு ஒன்றுமே உண்டாகாது.

பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்கள் மாதவிலக்கைத் தம்மதா என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பாலிச் சொல், இயற்கையின் நியதி என்று பொருள். நாம் தீட்டு என்கிறோம், தூரம் என்கிறோம். அவர்களிடமும் விலக்கு இல்லாமல் இல்லை. கொடியில் காயும் தமெயினுக்கு, அதாவது பெண்கள் கட்டும் லுங்கிக்கு அடியில் ஆண் நடந்தால் அவனுடைய ‘போன்’, அதாவது ஆணுக்குரிய மகிமை குறையும் என்று சுற்றிப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும். உங்களுக்கு மகள் இருந்தால் அவளிடம் பேசும்போது நீங்களும் அதையே சொல்லுங்கள். அந்த நாட்களில் கோயிலுக்குப் போவதும் போகாததும் அவரவர் மனசு. ரத்தத்தில் அழுக்கு இருக்கிறது என்று மட்டும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

உங்கள் கட்டிக்கு ஆபரேஷன் ஒன்றுதான் வழியா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை உண்டு. பைக்குள் வைத்து அங்கேயே ஹார்மோன் கசியவிடும் சாதனம் உண்டு, கட்டியின் இடத்தையும் அளவையும் பொறுத்து அது பொருந்தும். கட்டியை மட்டும் எடுக்கவும் முடியும். மாதவிடாய் நின்றபின் ஃபைப்ராய்டு பெரும்பாலும் தானாகவே சுருங்கும், உங்களுக்கு 44 என்பதால் அதையும் கணக்கில் எடுக்கலாம். உட்தோலில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். அதற்கெல்லாம் முன்னால், இந்த வாரமே ஹீமோகுளோபின் பாருங்கள். 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரண்டு வருஷம் இப்படிப் போன உடம்பு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும்.

கணவன் மனைவி பற்றிய கேள்வியில் கூச்சப்பட ஒன்றுமில்லை. முடியும். ஆறு வாரமாவது பொறுத்து, உள்காயம் ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்னபின். கர்ப்பப்பையை எடுத்தாலும் யோனிப் பாதை இருக்கும். பெண்ணின் இன்பத்துக்கு முக்கியமான உறுப்பு கிளிட்டோரிஸ். நம் பேச்சுத் தமிழில் அதற்கு வசைச்சொல் தவிர வேறு பெயரே இல்லை என்பது எனக்கு வருத்தம். வெளியே தெரிவது நுனி மட்டும், மிச்சம் உள்ளே பரவியிருக்கிறது. ஹெலன் ஓ’கானல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 1998இல்தான் அதன் முழு அளவை விளக்கமாக எழுதினார். கர்ப்பப்பை ஆபரேஷனில் அதைத் தொடுவதில்லை. ரத்தப்போக்கும் வலியும் நின்றபின் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று என்னிடம் சொன்ன பெண்கள் உண்டு. சினைப்பையையும் எடுத்தவர்களுக்கு வறட்சி வரலாம், அதற்கு மருந்து இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பையின் கீழ்முனை யோனிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நாம் அதைக் கர்ப்பப்பை வாய் என்கிறோம். லத்தீனில் கழுத்து. பர்மியர் தா எயின் கௌங் என்கிறார்கள், தலை! பெயர் எதுவானாலும் இந்தச் சின்ன இடத்தில் வரும் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும். சில ஆபரேஷனில் மேல்பகுதியை எடுத்துவிட்டு வாயை விட்டுவைப்பார்கள். அப்படி விட்டிருந்தால் பரிசோதனையைத் தொடர வேண்டும். ‘அதான் எடுத்தாச்சே’ என்று இருந்துவிடக் கூடாது. ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தா எயின், தா எயின் கௌங், தா உ எயின் என்று மூன்று பெயரையும் தனித்தனியாகச் சொல்லி, இதை எடுப்பீர்களா, விடுவீர்களா, ஏன் என்று கேளுங்கள். முடிந்தால் வீட்டிலிருந்து ஒருவரையும் கூட்டிப் போங்கள்.

அப்புறம், அம்மாவின் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு வீட்டில் எங்காவது இருக்கும், பெட்டியில் துழாவிப் பாருங்கள். ஆங்கிலத்தில்தான் எழுதியிருப்பார்கள். டி.ஏ.ஹெச். என்று மட்டும் இருந்தால் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை வாயோடு எடுத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் பி.எஸ்.ஓ. என்றும் இருந்தால் இரண்டு குழாயும் இரண்டு சினைப்பையும் போயிருக்கின்றன. சீட்டு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அம்மாவின் எலும்பைப் பரிசோதிக்க வேண்டும். 70 வயதில் கூனும் மணிக்கட்டு முறிவும் சேர்ந்திருக்கிறது, அடுத்து இடுப்பு முறியாமல் பார்க்க வேண்டும், அதற்கு மருந்து உண்டு. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
சயாமா அக்கா