கடை கம்ப்யூட்டருக்கு ஷார்ட்கட் கீ

கேள்வி: ஒத்தக்கடையில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஹைகோர்ட் கிளைக்குப் போகிறவர்கள் காலையில் நெருக்கியடித்து நிற்பார்கள். வேர்டு, ஸ்கேனர், கால்குலேட்டர் என ஒவ்வொன்றையும் மவுஸால் தேடித் திறப்பதற்குள் பொறுமை போகிறது. கால்குலேட்டருக்கு ஒரு ஷார்ட்கட் கீ வைத்தேன். டெஸ்க்டாப்பில் கிடந்ததையெல்லாம் டி டிரைவுக்குள் ஒதுக்கியதும் அது நின்றுவிட்டது. ஏன் சார்?

பதில்: ஒதுக்கியதுதான் காரணம். அந்தக் கீ புரோகிராமில் பதிவாவதில்லை, அதன் ஷார்ட்கட் ஐகானில்தான் பதிவாகிறது. ஐகான் டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருந்தால்தான் விண்டோஸ் அதைக் கவனிக்கும்.

புதிதாகவே செய்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் வலது கிளிக், நியூ, ஷார்ட்கட். வரும் பெட்டியில் சி, ஏ, எல், சி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை அடித்து முடியுங்கள். அப்புறம் அந்த ஐகானின் புராபர்ட்டீஸில் ‘ஷார்ட்கட் கீ’ கட்டத்தைத் தொட்டு, கே எழுத்தை மட்டும் தட்டுங்கள். கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் விண்டோஸே முன்னால் சேர்த்துக்கொள்ளும். ஓகே கொடுங்கள்.

எழுத்தைத் தேர்வதில் கவனம் வேண்டும். நீங்கள் வைக்கும் கீ, வேர்டு ஏற்கெனவே வைத்திருப்பதைப் பறித்துக்கொள்ளும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப் என்பது வேர்டில் அடிக்குறிப்பு. மனு அடிக்கிற கடையில் அதை இழக்கக்கூடாது. 1, 2, 3 எண்கள் தலைப்புகளுக்கு உரியவை. கே-க்கும் ஆட்டோஃபார்மட் என்று ஒரு வேலை உண்டு, ஆனால் அதைத் தொடுகிறவர்கள் அபூர்வம்.

வேர்டுக்கும் ஸ்கேனருக்கும் இந்தப் பாடு வேண்டாம். டாஸ்க்பாரில் முதலாவதாக வேர்டையும் அடுத்து ஸ்கேனரையும் ‘பின் டு டாஸ்க்பார்’ கொடுத்து நிலையாகப் பொருத்திவிடுங்கள். விண்டோஸ் கீயோடு 1 வேர்டு, 2 ஸ்கேனர். அவ்வளவுதான்.

உங்கள் கடைக்கு உண்மையில் பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் அடிக்கடி திறப்பது வேர்டை விட மாதிரி அஃபிடவிட்டைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கும் கீ வைக்கலாம். ஆனால் சாதாரண வேர்டு கோப்பாக வைத்தால், அவசரத்தில் கண்ட்ரோல் எஸ் தட்டியதும் மாதிரியே அழிந்து, வந்தவரின் பெயரும் விலாசமும் அதில் உட்கார்ந்துவிடும். அடுத்தவருக்குப் பழைய பெயரோடு பிரிண்ட் போன கடையை நான் பார்த்திருக்கிறேன். கோர்ட்டுக்குப் போகிற காகிதத்தில் அது சின்னத் தப்பு இல்லை.

ஆகவே பெயர், தந்தை பெயர், விலாசம் ஆகிய இடங்களைக் காலியாக விட்டு, ‘சேவ் ஆஸ்’ போய் வகையை வேர்டு டெம்ப்ளேட் என்று மாற்றிச் சேமியுங்கள். வேர்டு அதைத் தனி ஃபோல்டருக்குக் கொண்டுபோகும், எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பை வலது கிளிக் செய்து டெஸ்க்டாப்புக்கு ஷார்ட்கட் அனுப்புங்கள். விண்டோஸ் 11 என்றால் முதலில் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ தொட வேண்டும். அந்த ஷார்ட்கட்டுக்கு ஒரு கீ கொடுங்கள். திறக்கும்போது பெயரில்லாத புதுப் பிரதிதான் வரும், சேமிக்கப் போனால் பெயர் கேட்கும். மாதிரியையே திருத்த வேண்டிய நாளில் மட்டும், ஃபோல்டரில் இருக்கும் அசல் டெம்ப்ளேட்டை வலது கிளிக் செய்து ‘ஓப்பன்’ கொடுங்கள்.